சொன்னால்தான் சாப்பிடும்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கோபத்தோடுதான் நான் ஒரு நாயை வளர்த்தேன், அடித்துப் பழக்கினேன், தெருவெல்லாம் பெருமை பீற்றிக்கொண்டேன். பிறகு அதே நாயை அடித்துக் கொல்ல ஆள் கூட்டிவரச் சொன்னதும் நான்தான்.

எண்பதுகளின் நடுவில் ஆவடியிலிருந்து வெள்ளானூர் போகிற பக்கம் ஒரு மனை வாங்கி வீடு கட்டினோம். வீடு என்று பெயர்தான். ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, பூசாத சுவர். சுற்றிலும் முள்வேலிகூடக் கிடையாது. என் வீட்டுக்காரர் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ரேடியோ பாகங்கள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் ஈயப் பற்று வைக்கும் வேலை பார்த்தேன். காலையில் பூட்டிக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பினால் பொழுது சாயத்தான் திரும்புவோம். அதற்குள் ஒருநாள் கொடியில் காய்ந்த துணி போயிற்று. இன்னொரு நாள் அண்டா போயிற்று. மூன்றாம் முறை அடிபம்பின் கைப்பிடியையே கழற்றிக்கொண்டு போய்விட்டான் ஒரு புண்ணியவான். குளிக்கத் தண்ணீர் இல்லாமல் தெருவில் நின்று அவனுடைய ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தேன்.

அதன் பிறகுதான் நாய். கம்பெனி சைக்கிள் ஷெட்டில் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. அதில் செம்பட்டையாக இருந்த ஒன்றைச் சாப்பாட்டுக் கூடையில் வைத்து மூடி பஸ்ஸில் கொண்டுவந்தேன். பெயர் வைக்க நான் மெனக்கெடவில்லை. எங்கள் தெருவில் எல்லா நாய்க்கும் ஒரே பெயர்தான், கூப்பிட்டால் நாலு ஓடிவரும். எங்களுடையதும் அந்த நாலில் ஒன்று.

குட்டிக்கு மூன்று மாதமானபோது எதிர் வீட்டு அக்காவின் நாய் செத்துப்போயிற்று. யாரோ கருவாட்டில் மருந்து வைத்துப் போட்டிருந்தார்கள். அது செத்த கையோடு அவர்கள் வீட்டு வெண்கலப் பாத்திரமெல்லாம் களவு போனது. அக்கா அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். ஏரிக்கரையில் கொஞ்சம் நிலமும் இரண்டு மாடும் உண்டு, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தெருவில் யார் வீட்டு விஷயமானாலும் மூக்கை நுழைப்பார். பாத்திரத்துக்கு அழாமல் நாய்க்கு அழுதார் என்பதால் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அன்றைக்கே நான் முடிவு செய்தேன். என் நாய் என்னைத் தவிர யார் போட்டாலும் தின்னக் கூடாது. நான் போட்டாலும், நான் சொன்ன பிறகுதான் வாய் வைக்க வேண்டும்.

பழக்கினேன். ஓர் அலுமினியப் பேசினில் சோறோ கஞ்சியோ போட்டு முன்னால் வைப்பேன். "இரு" என்பேன். அது பாயும். முதுகில் ஒன்று வைப்பேன். மறுபடி "இரு." போகப் போக உட்காரக் கற்றுக்கொண்டது. எச்சில் சரம் சரமாக ஒழுக, என் முகத்தையும் கையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மனதுக்குள் இருபது வரை எண்ணுவேன். பிறகு பேசினை அதன் பக்கம் தள்ளி, "ம், சாப்டு" என்பேன். அப்புறம்தான் மூக்கு உள்ளே போகும். பேசினில் எது ஊற்றினாலும் இதே சட்டம். பச்சைத் தண்ணீரை மட்டும் பம்படியில் இருந்த கல்தொட்டியில் அது இஷ்டத்துக்குக் குடித்துக்கொள்ளும். அதில் நான் தலையிடவில்லை.

மற்றவர்களிடம் வாங்காமல் இருக்க, டீக்கடையிலிருந்து பொறை பிஸ்கட் வாங்கி அக்காவிடம் கொடுத்து எறியச் சொல்வேன். நாய் வாய் வைத்தால் அடி விழும். ஒருமுறை துடைப்பக்கட்டையே பிய்ந்துவிட்டது. "வாணாம்மே, கொயந்த மாதிரி கீது, வுட்டுடு" என்று அக்கா கெஞ்சினார். நான் விடவில்லை. இன்றைக்கு நினைத்தால் கை கூசுகிறது, அன்றைக்குக் கூசவில்லை.

ஆறு மாதத்தில் காலடியில் பொறை கிடந்தாலும் திரும்பிப் பார்க்காத நாயாகிவிட்டது. என் வீட்டுக்காரர் போட்டாலும் தின்னாது. அவருக்கு அது தன்மானப் பிரச்சினை. "இன்னாமே இது? சம்பாரிச்சுப் போடறவன் நானு. என் கையால துன்ன மாட்டேங்குது. நீ இன்னா அதுக்கு மகாராணியா?"

"ஆமாய்யா, மகாராணிதான். நீயும் சொன்ன பேச்சைக் கேட்டா உனக்கும் சோறு."

வீட்டுக்கு யார் வந்தாலும் இந்த வித்தையைச் செய்து காட்டாமல் அனுப்ப மாட்டேன். என் ஒரு சொல்லுக்கு எப்படிக் கட்டுப்படுகிறது பாருங்கள் என்பேன். ஊரில் எந்த மனுஷனும் என் சொல்லுக்குக் கட்டுப்பட்டதில்லை. அதனால் அந்தப் பெருமை எனக்குத் தலைக்கேறிவிட்டது.

மூன்றாம் வருடம் ஆவணியில் ஊரெல்லாம் ஒரே பேச்சு. ஏரிப் பக்கம் வெறி பிடித்த நாய் ஒன்று கன்றுக்குட்டியைக் கடித்துவிட்டது, அதை அடித்துக் கொன்றுவிட்டார்கள் என்றார்கள். சாவதற்கு முன் அது எங்கள் தெரு வழியாகவும் போயிருந்தது. எந்தெந்த நாயைக் கடித்ததோ, யாருக்குத் தெரியும்? என் நாய்க்கு ஊசி போட்டிருக்க வேண்டும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டவள் நான்.

அதற்கு மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பேசினில் சோற்றைப் போட்டு "இரு" என்று சொன்னேன். அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு உள்ளே ஓடினேன். பாலை இறக்கி, அடுப்பைத் துடைத்து, நாயைச் சுத்தமாக மறந்துவிட்டேன். வெளியே திடீரென்று பெரும் குரைப்பு. ஓடிவந்து பார்த்தால் தெரு நாய் ஒன்று பேசினில் வாய் வைத்திருக்கிறது. எங்களுடையது அதன் கழுத்தைப் பிடித்துவிட்டது. நான் யோசிக்கவே இல்லை. நடுவில் கையை விட்டு இழுத்தேன். என் நாயின் பல்தான் என் வலது மணிக்கட்டில் இறங்கியது. கையிலிருந்த கண்ணாடி வளையல் ஆறும் நொறுங்கின. தெரு நாய் ஓடிவிட்டது. என் நாய் தான் செய்ததைப் பார்த்துவிட்டு வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு என் காலடிக்கு வந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டார்கள். வளையல் சில்லுகளை எடுத்தார்கள். தொப்புளைச் சுற்றித் தினம் ஒன்றாகப் பதினாலு ஊசி என்றார் டாக்டர். பெரிய ஊசி. முதல் ஊசிக்கே கண்ணில் பூச்சி பறந்தது.

"நாயைக் கட்டிப்போட்டுப் பாத்துக்குங்க. அடிச்சுக் கொன்னுடாதீங்க. பத்து நாள் நல்லாச் சாப்பிட்டு, தண்ணி குடிச்சுகிட்டு இருந்தா ஊசியை நிறுத்திடலாம். சாப்பிடாம, தண்ணி குடிக்காம, எச்சில் ஒழுகிச்சுன்னா உடனே வந்து சொல்லணும். அப்ப பதினாலும் கட்டாயம். கிட்ட யாரும் போகவே கூடாது" என்றார் அவர்.

என் வீட்டுக்காரர் அக்காவிடம் மாட்டுச் சங்கிலி வாங்கிவந்து நாயைக் கொல்லையிலிருந்த முருங்கை மரத்தில் கட்டினார். பம்படித் தொட்டி அங்கிருந்து பத்தடி தள்ளி இருந்தது. அன்று மாலை பேசினில் சோறு போட்டு, ஒரு கழியால் தள்ளி அதன் முன்னால் விட்டார். என்னைக் கிட்டவே விடவில்லை. நான் சமையற்கட்டு வாசலில் நின்று, "ம், சாப்டு" என்றேன்.

அது சாப்பிடவில்லை. உட்கார்ந்து என்னையே பார்த்தது.

"சாப்டுடா." பார்த்தது. "சாப்டு, சாப்டு!" கத்தினேன். வாயிலிருந்து எச்சில் ஒழுக ஆரம்பித்தது.

"பயத்துல கீது. காலைல துன்னும்" என்றார் அவர். சொன்னாரே தவிர, கழியைக் கீழே போடவில்லை.

திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு இரண்டாவது ஊசிக்குப் போய்வந்தேன். காலையில் வைத்த சோறு ஈ மொய்த்துக் கிடந்தது. என் வீட்டுக்காரர் அதைக் கொட்டிவிட்டு அதே பேசினில் தண்ணீர் ஊற்றிக் கழியால் தள்ளினார். நாய் எழுந்து வந்தது. தண்ணீருக்கு முன்னால் உட்கார்ந்தது. குனியவில்லை. நான் தூரத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தேன், தொண்டை கட்டுகிற வரைக்கும் சொன்னேன். அது என் முகத்தைப் பார்த்தது, பிறகு கட்டுப் போட்ட கையைப் பார்த்தது. கையைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

அக்கா தன் பேத்தியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கள்ளிச்செடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த குழந்தை அது. வீடு எதிரில் என்றாலும் அவருடைய களம் எங்கள் கொல்லையை ஒட்டி இருந்தது, நடுவில் நாலு கள்ளிச்செடிதான்.

"தண்ணியக் கண்டா பயப்படுது பாரு. ஜொள்ளு ஊத்துது. கடிச்ச கையையே பாத்துகினு கீது. எங்கப்பா சொல்லுவாரு, வெறி புடிச்சது கடிச்ச எடத்தையே மொறச்சிப் பாக்குமாம். இதுக்கு மேல இன்னா வோணும் உனக்கு?"

"நீ கம்னு போக்கா" என்று எரிந்து விழுந்தேன். நானும் அதைத்தானே நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கெல்லாம் நாய் ஒரு மாதிரி ஊளையிட்டது. தொண்டை வறண்டு குரலே மாறிவிட்டது. குரல் மாறுவதும் வெறியின் அடையாளம் என்று என் கம்பெனியில் ஒருத்தி சொல்லியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மூன்றாவது ஊசி. "நாய் எப்படிம்மா இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

"நல்லா இருக்குதுங்க. சாப்பிடுது" என்றேன். வாய் கூசாமல் பொய் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாகத் தெரியாது. உண்மையைச் சொன்னால் அதோடு எல்லாம் முடிந்துவிடும் என்று தோன்றியது. பஸ்ஸில் வரும்போது எனக்கே தொண்டை அடைக்கிற மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக் குடித்துப் பார்த்தேன். இறங்குகிறதா என்று பார்க்கத்தான் குடித்தேன். அவ்வளவு பயம்.

மாலை நாலு மணிக்கு அவர் வேலையிலிருந்து சீக்கிரமாக வந்துவிட்டார். நாய் மரத்தடியில் சாய்ந்து கிடந்தது. விலா எலும்பு எண்ணலாம் போலிருந்தது. பேசினைத் தள்ளினால் மட்டும் எப்படியோ எழுந்து உட்காரும், எச்சில் விடும், என் கையைப் பார்க்கும். தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். சங்கிலி அறுந்தால் யார் பொறுப்பு என்று ஒருவர் கேட்டார். என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"இன்னாமே சொல்ற? எதிர் ஊட்டுல கொயந்த கீது. உனக்கு பதினாலு ஊசியும் போட்டுக்கலாம். அந்தக் கொயந்தைக்கு ஒண்ணு ஆச்சுன்னா? கன்னுக்குட்டி விசயத்துல அடிச்சாரே, ஏரிக்கரையாண்ட கீற பெரியவரு, அவர இட்டாந்துடட்டா?"

நான் நாயைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது.

"சரி. போய் இட்டுகினு வா" என்றேன்.

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். கூட்டம் கலைந்தது. நான் சமையற்கட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகைகூட வரவில்லை. மூன்று வருடம் வளர்த்ததற்கு ஒரு நிமிஷத்தில் தீர்ப்பு சொல்லிவிட்டோமே என்று இருந்தது.

அப்போது அக்கா வந்தார். குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு, முந்தானையில் எதையோ முடிந்துகொண்டு வந்திருந்தார். பச்சைக் கண்ணாடி வளையல் நாலு. "கைய நீட்டு" என்றார்.

"இப்ப இன்னாத்துக்குக்கா இது? சாவு நடக்கப்போற ஊட்டுல வளையலா?"

"அதுக்குத்தான் சொல்றேன். மூணு நாளா வெறுங்கையோட கீற. தாலி கட்டுனவ கை மொட்டையா இருந்தா ஊட்டுக்கு ஆவாது. அதான் ஒண்ணு மேல ஒண்ணா வருது. அந்தக் கை ஆவாட்டி இந்தக் கையில போடு."

என் இடது கையில் எப்போதும் வாட்ச்தான். வேலைக்குப் போகிற நாள் முதல் இடது கைக்கு வாட்ச், வலது கைக்கு வளையல், அவ்வளவுதான் என் அலங்காரம். வேறு நாளாக இருந்தால் அக்காவை ஒரு வழி பண்ணியிருப்பேன். அன்றைக்குச் சண்டை போடத் தெம்பில்லை. அவரே வாட்சைக் கழற்றினார், சோப்பு நுரை தடவி நாலு வளையலையும் நெட்டி ஏற்றினார். வலித்தது.

அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் எனக்கு ஒன்று தோன்றியது. சாகப்போகிறது. கழியால் தள்ளாமல் கடைசியாக ஒரு வாய் என் கையால் வைத்துவிடுவோம். கடித்தால் கடிக்கட்டும், எப்படியும் ஊசி போட்டுக்கொண்டுதானே இருக்கிறேன். பேசினில் தண்ணீர் அடித்து இடது கையில் எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு நடந்தேன்.

"அடியே, கிட்டப் போவாத! வோணாம்டி!" அக்கா அலறினார்.

நாய் தலையைத் தூக்கியது. ஒரு முழம் தள்ளிக் குந்தி, பேசினை வைத்து அதன் பக்கம் தள்ளினேன். வளையல் பேசின் விளிம்பில் இடித்து 'கிணிங்' என்றது. நான் வாயையே திறக்கவில்லை. நாயின் மூக்கு தண்ணீருக்குள் இருந்தது.

சளப் சளப் என்று குடித்தது. பேசின் காலியானதும் அதையே நக்கியது. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எழுந்துபோய் இன்னொரு தரம் ஊற்றிக்கொண்டு வந்தேன். இந்த முறை கையை ஆட்டாமல் தரையில் வைத்தேன். "ம், சாப்டு" என்றேன். அது உட்கார்ந்தது. எச்சில் விட்டது. என் கையைப் பார்த்தது. நான் வளையலை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினேன். குடித்தது.

மூன்று வருடமாக அது என் சொல்லைக் கேட்கவே இல்லை. ஒவ்வொரு முறை பேசினைத் தள்ளும்போதும் என் வலது கை வளையல் விளிம்பில் இடித்திருக்கிறது. எனக்கு அது காதில் விழுந்ததே இல்லை. நாய்க்கு அது மட்டும்தான் விழுந்தது. நான் பேசினதெல்லாம் அதற்கு வெறும் சத்தம். மூன்று நாளும் கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும், எச்சில் விட்டதும், தண்ணீருக்கு முன்னால் குனியாமல் உட்கார்ந்ததும் எல்லாம் நான் துடைப்பக்கட்டையால் கற்றுக்கொடுத்த பாடம். தாகத்தில் செத்தாலும் என் அனுமதி இல்லாமல் வாய் வைக்கக் கூடாது என்று அது உட்கார்ந்திருந்தது. அதை நான் வெறி என்றேன்.

"பாத்தியா, நான் சொன்னேன்ல? கைக்கு வளையல் ஏறுச்சு, ஊட்டுக்கு நல்ல காலம் வந்துடுச்சு" என்றார் அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு. அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. கடைசி வரைக்கும் அவர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

சைக்கிள் வந்து நின்றது. பின்னால் அந்தப் பெரியவர், கையில் கோணியும் இரும்புத் தடியும். நான் நாய்க்கு முன்னால் குந்தியிருந்தேன், கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் என்னை அங்கே பார்த்ததும் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். பெரியவர் அசையாமல் நின்று நாய் கஞ்சி குடிப்பதைப் பார்த்தார். பிறகு தடியைக் கோணிக்குள் சொருகினார்.

"இந்த மாதிரி குடிக்குற நாயவா அடிக்கச் சொல்லி இட்டாந்த நைனா? இதுக்குத் தாகம். நாலு பேரு சேந்து பட்டினி போட்டீங்களா இன்னா?" என்றார் அவர்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "இன்னாமே பண்ண?" என்று கேட்டார். நான் இடது கையைத் தூக்கி வளையலைக் காட்டினேன். அப்போதுதான் அழுதேன், தெருவே கேட்கிற மாதிரி.

இன்னும் ஏழு நாள் பாக்கி இருந்தது. ஒவ்வொரு வேளையும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பேசினை வைத்தேன். அது தின்றது, குடித்தது, வாலாட்டியது. பதினோராம் நாள் டாக்டரிடம் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன், பொய் சொன்னதையும் சேர்த்து. நன்றாகத் திட்டினார். வாங்கிக்கொண்டேன். ஊசியை நிறுத்தினார். மறுநாளே நாயை மாட்டாஸ்பத்திரிக்கு நடத்திக் கொண்டுபோய் அதற்கு ஊசி போட்டேன்.

பிறகு கொல்லைச் சுவரில் ஆணி அடித்து அதில் இரண்டு வளையல் மாட்டிவைத்தேன். நான் ஓவர்டைம் பார்க்கிற நாளில் என் வீட்டுக்காரர் அதை எடுத்துப் பேசினில் தட்டிச் சோறு போடுவார். பெரிய மீசை வைத்த ஆள், கையில் பச்சை வளையல். தெருவில் கிண்டல் பண்ணாதவர்கள் இல்லை. "கம்னு போங்கடா, அது துன்னுது இல்ல?" என்பார்.

நாய் அதற்கப்புறம் ஒன்பது வருடம் இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு நான் அதனிடம் "இரு" என்று சொன்னதே இல்லை. சொல்லாவிட்டாலும் அது உட்காரும். நான் பேசினை வைத்ததும் உட்கார்ந்து, எச்சில் ஒழுக, என் கையைப் பார்க்கும். "சரி. போய் இட்டுகினு வா" என்று நான் சொன்னபோதும் இதே மாதிரிதான் பார்த்துக்கொண்டிருந்தது. பேசினைக் கீழே வைப்பதற்கு முன்னாலேயே, நடந்து வரும்போதே, நான் வளையலைத் தட்ட ஆரம்பித்துவிடுவேன்.